பட்டாளத்தாரும் போர் விமானிகளும் எழுதிய புத்தகங்கள்: எதை முதலில் படிப்பது?

மன்னார்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மாமனார் 1971 போரில் சிப்பாயாக இருந்தவர். அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. போரில் நின்றவர்களும் விமானம் ஓட்டியவர்களும் தாங்களே எழுதியதைப் படித்தாவது அது எப்படி இருந்திருக்கும் என்று புரிந்துகொள்ள வேண்டுமாம். ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் வருமாம். எதிலிருந்து தொடங்குவது, எங்கே கிடைக்கும் என்பது கேள்வி.

முதலில் ஒரு எச்சரிக்கை. தளபதி எழுதியதைக் கொண்டு தொடங்காதீர்கள். எல்லோரும் செய்கிற தவறு அதுதான். பெயர் தெரிந்தவர், அட்டையில் பதக்கங்களோடு படம், கடையில் சுலபமாகக் கிடைக்கும். உள்ளே போனால் வக்கீல் நோட்டீசுக்கு எழுதிய பதில் மாதிரி இருக்கும். யார் எந்தத் தேதியில் எந்தக் கடிதம் எழுதினார், எந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்றே நூறு பக்கம் ஓடும். அந்த வழக்கின் எதிர்க்கட்சி யார் என்று தெரியாமல் படித்தால் ஒன்றும் ஒட்டாது. அதற்கும் நேரம் வரும், ஆனால் இரண்டாம் சுற்றில்.

முதல் புத்தகமாக யூஜின் ஸ்லெட்ஜின் 'வித் தி ஓல்ட் பிரீட்' வாங்குங்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க மரைன் படையில் 60 மில்லிமீட்டர் மார்ட்டர் (குண்டை மேல்நோக்கி எறியும் சின்னக் குழல் பீரங்கி) குழுவில் இருந்த சாதாரண சிப்பாய். ஜப்பானியரை எதிர்த்து, 1944 செப்டம்பரில் பசிபிக் கடலின் பெலேலியு தீவு, 1945-இல் ஒகினாவா தீவு என்று இரண்டே இடங்கள். சட்டைப் பையில் வைத்திருந்த சின்ன பைபிளுக்குள் குறிப்பெடுத்து வைத்து, பின்னாளில் உயிரியல் பேராசிரியரான பிறகு எழுதி, 1981-இல் வெளியிட்டார். ஆங்கிலம் எளிது. வீரம் பேசுவதில்லை. பெலேலியு பவளப்பாறைத் தீவு. நம் ஊர் வண்டலில் மண்வெட்டியைப் போட்டால் முழங்கால் ஆழத்துக்குக் குழி விழும். அங்கே குழி தோண்டவே முடியாது. பதுங்கவும் குழியில்லை, மலம் கழிக்கவும் குழியில்லை. இறந்தவர்களைப் புதைக்கவும் வழியில்லாமல் அந்த வெயிலில் என்ன ஆகும் என்பதை அவர் மறைக்காமல் எழுதுகிறார். குடிக்கத் தண்ணீர் வந்தது பழைய எண்ணெய் பீப்பாயில். சரியாகக் கழுவாமல் நிரப்பியிருந்ததால் துருவும் எண்ணெயும் கலந்து, தாகத்தில் குடித்தவர்களுக்குக் குமட்டியது. அந்த ஒரு பக்கம் போரைப் பற்றிச் சொல்வதைப் பத்து வரைபடம் சொல்லாது. ஒகினாவாவில் நிலைமை தலைகீழ்: மழை, சேறு, சேற்றில் புழு. கார்த்திகை அடைமழையில் வயல் வரப்பில் நடந்தவர்களுக்கு அந்த அத்தியாயங்களுக்கு விளக்கம் வேண்டாம்.

விமானத்துக்கு முதல் புத்தகம் ராபர்ட் மேசனின் 'சிக்கன்ஹாக்' (1983). வியட்நாமில் 1965-66-இல் ஹ்யூயி ஹெலிகாப்டர் ஓட்டியவர். இதை முன்னுக்கு வைக்கக் காரணம், அவர் ஓட்டக் கற்றுக்கொள்வதிலிருந்து தொடங்குகிறார். இடது கையில் கலெக்டிவ் தண்டு, அதைத் தூக்கினால் மேல் விசிறியின் இலைகள் எல்லாம் ஒரே அளவில் திரும்பி வண்டியை மேலே இழுக்கும். வலது கையில் சைக்ளிக், அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சாய்ப்பது. காலில் பெடல், வால் விசிறிக்கு. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் உடனே சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் வண்டி தன்னைத்தானே சுற்றும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் சண்டைக் காட்சிகள் ஒவ்வொன்றும் புரியும். சூடான காற்று இலேசானது. ஆட்களையும் குண்டுகளையும் ஏற்றிக்கொண்டு மரங்களுக்கு நடுவிலிருந்து எழும்பும்போது எஞ்சினால் இழுக்க முடியாமல் விசிறியின் சுற்று இறங்கும். சுற்று இறங்கினால் வால் விசிறியின் பிடியும் தளரும். மேசன் இதைச் சொல்லும்போது நம் கையும் தானாக இறுகுகிறது. பின்பாதியில், ஊர் திரும்பிய பிறகு தூக்கம் போனதையும், வாழ்க்கை சரிந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மாமனார் ஏன் பேசுவதில்லை என்ற உங்கள் கேள்விக்கு அந்தப் பக்கங்கள்தான் அதிகம் உதவும்.

இந்த இரண்டையும் முடித்த பிறகு பட்டியல் கேட்டால் ஐம்பது சொல்லலாம். ஆனால் ஒவ்வொன்றாகப் படித்தால் ஒவ்வொருவரையும் நம்பிவிடுவோம். போர் நினைவு நூல்களை ஜோடியாகப் படிக்க வேண்டும். ஒரே சண்டை, இரண்டு பேர். ஒருவர் மேலே, ஒருவர் கீழே, அல்லது ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம்.

ஏன் என்று கேட்டால் பரணிக்குத்தான் போக வேண்டும். கலிங்கத்துப் பரணி பாடிய சயங்கொண்டாரை நம் தீபங்குடிக்காரர் என்பார்கள். 'ஆனை ஆயிரம் அமரிடை வென்ற' வீரனுக்குத்தான் பரணி பாடலாம் என்பது இலக்கணம். ஆயிரம் யானையை எண்ணியது யார்? விமானிகளின் புத்தகங்களிலும் இந்த ஆயிரம் யானைக் கணக்கு உண்டு. 1940 செப்டம்பர் 15 அன்று, லண்டன் மேல் நடந்த சண்டையில், பிரிட்டன் விமானிகள் வீழ்த்தியதாகச் சொன்ன ஜெர்மன் விமானங்கள் 185. ஜெர்மன் பதிவேடுகளைப் பார்த்தபோது போனது சுமார் 60. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் மூன்று பக்கமிருந்து சுடுவார்கள், விழுந்தால் மூவருக்கும் அது தன்னுடையது. முழு வேகத்தில் தப்பிப் பாயும் விமானம் எஞ்சினிலிருந்து கரும்புகை விடும், சுட்டவருக்கு அது தீப்பிடித்த மாதிரி தெரியும். மேகத்துக்குள் போனது விழுந்ததா, வீட்டுக்குப் போனதா என்று நின்று பார்த்தால் பின்னாலிருந்து இன்னொருவன் சுடுவான். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் ஆரம்பகாலத்தில் எட்டுத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா. விசையைத் தொடர்ந்து அழுத்தினால் எல்லாம் தீர ஏறக்குறைய 15 வினாடிதான். ஒரு விமானியின் அன்றைய சண்டை மொத்தமும் அந்தப் பதினைந்து வினாடிக்குள் நடப்பது. அதை நாற்பது பக்கமாக எழுதும்போது கொஞ்சம் பரணி கலக்கத்தான் செய்யும்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு எடுத்துக்காட்டு உண்டு. 1965 செப்டம்பர் 7, பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தின் மீது நம் விமானங்கள் போன நாள். அன்று ஒரு நிமிடத்துக்குள் ஐந்து ஹன்டர் விமானங்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் விமானி எம்.எம். ஆலம் பெயரில் ஒரு சாதனை சொல்லப்படுகிறது. இந்தியப் பதிவுகள் அந்த எண்ணிக்கையை ஏற்கவில்லை. அதே நாள், அதே தளத்துக்குப் போன ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா திரும்பி வரவில்லை. அவர் ஓட்டியது மிஸ்டேர், அதைவிட மிக வேகமான எஃப்-104 விமானம் துரத்த, தப்பி ஓடாமல் திரும்பிச் சண்டையிட்டு அதை வீழ்த்திவிட்டு இறந்தார். இது இந்தியாவுக்கே தெரியாது. பாகிஸ்தான் தரப்புத் தகவல்களை வைத்து ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் 1979-இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்துதான் விஷயம் வெளியே வந்தது. மகாவீர் சக்கரம் 1988-இல், இறந்து 23 ஆண்டு கழித்துக் கொடுக்கப்பட்டது. எதிராளி சொன்ன கணக்கு ஓரிடத்தில் உப்பியிருக்கிறது, இன்னோர் இடத்தில் நம் ஆளின் வீரத்துக்கு அதுவே ஒரே சாட்சி. இந்த இரண்டையும் பொறுமையாக அலசியிருப்பவர்கள் ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும். அவர்கள் எழுதியவை நினைவு நூல்கள் இல்லை, வரலாறு. 1965 விமானப் போருக்கு ஒன்று, 1971 வங்கதேசப் போருக்கு 'ஈகிள்ஸ் ஓவர் பங்களாதேஷ்'. இந்திய விமானி எழுதிய எதைப் படித்தாலும் பக்கத்தில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள், உரைகல் மாதிரி.

1971 என்பதால் அடுத்து திரேந்திர ஜஃபாவின் 'டெத் வாஸ்ன்ட் பெயின்ஃபுல்'. விங் கமாண்டராக சுகோய்-7 ஓட்டியவர், சுடப்பட்டுக் குதித்ததில் முதுகெலும்பு நொறுங்கி, பாகிஸ்தானில் போர்க்கைதியாக இருந்தவர். (தஞ்சாவூர் விமானதளத்தில் இப்போது சுகோய்-30 வைத்திருக்கும் 222-ஆம் ஸ்குவாட்ரன் 1969-இல் இதே சுகோய்-7 விமானங்களோடு தொடங்கப்பட்டதுதான். உங்கள் வீட்டு மாடியில் கேட்கிற சத்தத்துக்கு அப்படி ஒரு பூர்வீகம்.) ஜஃபாவின் புத்தகத்தோடு ஜோடியாக ஃபெய்த் ஜான்ஸ்டன் எழுதிய 'ஃபோர் மைல்ஸ் டு ஃப்ரீடம்'. எழுதியவர் போர்வீரர் இல்லை, ஆனால் அந்த முகாமிலிருந்து தப்பியவர்களிடம் கேட்டு எழுதியது. 1972 ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமின் சுவரைக் குடைந்து பாருல்கர், கிரேவால், சின்ஹ்ஜி என்ற மூன்று விமானிகள் வெளியேறினார்கள். ஆப்கானிஸ்தான் எல்லைக்குச் சில மைல் முன்னால் லண்டி கோட்டல் வரை போய்விட்டார்கள். அங்கே 'லண்டி கானா' போக வண்டி உண்டா என்று விசாரித்தார்கள். அவர்களிடம் இருந்த பழைய வரைபடத்தில் அந்த ரயில் நிலையம் இருந்தது. ஆனால் அந்தப் பாதையை 1932-லேயே மூடியிருந்தார்கள். நாற்பது வருடமாக வராத ரயிலைக் கேட்பவன் உள்ளூர்க்காரனாக இருக்க முடியாது. பிடிபட்டார்கள். தப்பிக்கிற கதைகளில் பெரும்பாலும் திட்டம் கெடுவது துப்பாக்கியால் இல்லை, இந்த மாதிரி ஒரு கேள்வியால்.

1971-இன் தரைப்போரில் மேல்மட்டம் என்ன நினைத்தது என்பதற்கு, இந்தியாவின் கிழக்குப் படைத் தலைமையகத்தில் இருந்த ஜே.எஃப்.ஆர். ஜேக்கப்பின் 'சரண்டர் அட் டாக்கா'. எதிர்ப்பக்கம் சித்திக் சாலிக்கின் 'விட்னஸ் டு சரண்டர்'. சாலிக் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவத்தின் செய்தித் தொடர்பு அதிகாரி, சரணடைந்தவர்களில் ஒருவர். சண்டையிடும் பொறுப்பு இல்லாததால் நியாயப்படுத்தும் அவசரமும் குறைவு, தலைமையகத்தின் அறைக்குள் நடந்ததைப் பார்க்கவும் முடிந்தது. ஜேக்கப்பைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். ஜேக்கப் தன் பங்கைச் சற்றுப் பெரிதாக வரைகிறார் என்று கூட வேலை செய்தவர்களே சொன்னதுண்டு. டாக்காவில் சரணடைந்த பாகிஸ்தான் தளபதி ஜெனரல் நியாசி எழுதியதையும் வேண்டுமானால் படிக்கலாம், ஆனால் முழுக்க எதிர்வழக்காடல்.

1962 சீனப் போருக்கு ஒரே ஒரு புத்தகம் படிப்பதானால் பிரிகேடியர் ஜான் தால்வியின் 'ஹிமாலயன் பிளண்டர்' (1969). 7-ஆவது காலாட்படை பிரிகேடின் தளபதி. நம்கா சூ என்ற ஆற்றங்கரைப் பள்ளத்தில், மேட்டில் எதிரியும் பள்ளத்தில் தானுமாக நிறுத்தப்பட்டவர். அக்டோபர் 20 காலையில் தாக்குதல், இரண்டு நாளில் கைதி. இதில் கவனிக்க வேண்டியது சண்டையைக் காட்டிலும் சாமான்கள். விமானத்திலிருந்து போட்ட மூட்டைகள் 14,000 அடிக்கு மேலுள்ள ஒரு சின்ன மேட்டில் விழ வேண்டும், பாதி பள்ளத்தாக்கில் உருண்டுவிடும். கிடைத்ததைத் தோளில் சுமந்து இறக்க வேண்டும். பருத்திச் சீருடை, போதாத கம்பளி, கையிருப்பில் கொஞ்சம் தோட்டா. இதோடு ஜோடி போட வேண்டியது அவருக்கு மேலே கோர் (டிவிஷனுக்கும் மேலான படைப்பிரிவு) தளபதியாக இருந்த பி.எம். கௌல் எழுதிய 'தி அன்டோல்ட் ஸ்டோரி' (1967). கௌல் உடம்பு சரியில்லாமல் டில்லி திரும்பிப் படுக்கையிலிருந்தே உத்தரவு போட்டவர். இருவருக்கும் நடுவில், டிவிஷன் தளபதியாக இருந்த நிரஞ்சன் பிரசாத்தும் தனியாக எழுதியிருக்கிறார். ஒரே உத்தரவு மூன்று மட்டத்தில் எப்படி இறங்கியது என்பதை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். தேதியைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு படியுங்கள். யார் எந்தத் தேதியைத் தாண்டிக் குதிக்கிறார் என்று கவனித்தால் போதும், விஷயம் அங்கேதான் இருக்கும்.

இப்போது நம் கடற்கரைக்கு நெருக்கமான போர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போன குடும்பங்கள் டெல்டாவில் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் பலரை ஜப்பானியர் காலம் இரண்டு பக்கமாக இழுத்தது: ஒரு பக்கம் ஐ.என்.ஏ. என்கிற நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம், இன்னொரு பக்கம் ஜப்பானியர் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட சயாம் ரயில்பாதை. ஐ.என்.ஏ.வுக்கு, ஜான்சி ராணிப் படையை நடத்திய லட்சுமி சேகலின் நினைவுகளும், 1946-லேயே வெளிவந்த ஷா நவாஸ் கானின் புத்தகமும். லட்சுமியின் படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இவற்றோடு எதிரணியிலிருந்து, பர்மாவில் பிரிட்டிஷ் படைக்குத் தளபதியாக இருந்த வில்லியம் ஸ்லிம் எழுதிய 'டிஃபீட் இன்டு விக்டரி' (1956). தளபதி எழுதியதைத் தள்ளி வையுங்கள் என்றேன், ஸ்லிம் மட்டும் விதிவிலக்கு. தன் தவறுகளை எண்ணிச் சொல்கிற தளபதி அவர். ஐ.என்.ஏ.வை மட்டும் ஓரிரு வரியில் அலட்சியமாகத் தள்ளுவார், அது நமக்கு உறுத்தும். ஷா நவாஸின் பக்கங்களோடு வைத்துப் பார்த்தால் ஒரே இம்பால் சண்டை இரண்டு இம்பாலாகத் தெரியும்.

ஸ்லிமிடம் படிக்க வேண்டிய அத்தியாயம் காய்ச்சல் பற்றியது. 1943-இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு, நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர். மலேரியாவுக்கு மெபாக்ரின் மாத்திரை உண்டு, உடம்பை மஞ்சளாக்கும். ஆண்மை போய்விடும் என்ற வதந்தியால் சிப்பாய்கள் விழுங்காமல் துப்பிவிடுவார்கள். ஸ்லிம் திடீரென்று ஒரு பட்டாளத்தின் எல்லோருடைய ரத்தத்தையும் சோதிக்க வைப்பார். 95 சதவீதம் பேருக்கும் குறைவானவர்களிடம் மருந்து காணப்பட்டால் அதன் தளபதிக்கு வேலை போகும். மூன்று பேரை நீக்கினார், மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது.

சயாம் ரயில்பாதைக்கு எரிக் லோமாக்ஸின் 'தி ரெயில்வே மேன்' (1995). மறைத்து வைத்த ரேடியோவுக்காகவும், வரைந்து வைத்த வரைபடத்துக்காகவும் சித்திரவதைப்பட்ட பிரிட்டிஷ் சிக்னல் அதிகாரி. அரை நூற்றாண்டு கழித்து, அன்று விசாரணையில் மொழிபெயர்த்த ஜப்பானியரை நேரில் சந்தித்தார். பாதையின் நீளம் 415 கிலோமீட்டர், தஞ்சாவூரில் புறப்பட்டால் சென்னையைத் தாண்டிப் போகும் தூரம். அதில் செத்த ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை வெள்ளைக்காரக் கைதிகளைப் போலப் பல மடங்கு, அதில் தமிழர் ஏராளம். ஆனால் புத்தகம் எழுதியவர்கள் கைதிகள்தான். தமிழ்த் தொழிலாளி அவற்றில் பாதையோரம் கிடக்கிற உருவமாக வந்து போவார். அந்த வெற்றிடத்தைத் தமிழில் நாவல்கள்தான் நிரப்பின: மலேசியாவின் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', போர்க்காலத்தில் இந்தோனேசியாவில் இருந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இவை நாவல் என்பதை மறக்காமல் படித்தால் போதும்.

தமிழிலேயே நேரடியாக எழுதப்பட்ட போர் நினைவுகள் என்றால் ஈழத்தவை. சி. புஷ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்', கணேசன் ஐயரின் 'ஈழப் போராட்டத்தில் எனது பதிவுகள்', தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்'. முதல் இரண்டும் தொடக்க காலத்துக்கு, மூன்றாவது கடைசிக் காலத்துக்கு. தமிழினி 2015 அக்டோபரில் இறந்தார், புத்தகம் 2016-இல் வந்தது. எது அவர் எழுதியது, எது பின்னால் சேர்ந்தது என்ற வாக்குவாதம் நடந்தது. அதனால் ஒதுக்க வேண்டாம், ஆனால் எழுதியவர் அச்சுப்படியைப் பார்க்காத புத்தகம் என்று தெரிந்து படியுங்கள். இந்தியப் படை அங்கே இருந்த காலத்துக்கு 54-ஆவது டிவிஷனை நடத்திய ஹர்கிரத் சிங்கின் 'இன்டர்வென்ஷன் இன் ஸ்ரீலங்கா'. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேரில் 29 பேர் இறந்த இரவு அவருடைய பொறுப்பில் நடந்தது. அவருக்கு மேலே இருந்த திபிந்தர் சிங்கும் எழுதியிருக்கிறார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவின் மேல் பறந்தவர்களில் இரண்டே பேர் சொல்கிறேன். கை கிப்சனின் 'எனிமி கோஸ்ட் அஹெட்': 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் போன 19 லங்காஸ்டர் விமானங்களின் தலைவர். 8 திரும்பவில்லை, 53 பேர் இறந்தார்கள். குண்டைப் போட வேண்டிய உயரம் 60 அடி. சரபேந்திரராஜன்பட்டினம் மனோராவைப் பார்த்திருப்பீர்கள், அது ஏறக்குறைய 75 அடி. அதன் உச்சியைவிடத் தாழ்வாக, இரவில், 102 அடி இறக்கையோடு, தண்ணீர் மேல். கிப்சன் 1944-இல் இறந்துவிட்டார், புத்தகம் 1946-இல் வந்தது. அந்தக் குண்டு எப்படித் தண்ணீரில் தத்திப் போனது என்ற விவரம் அதில் இருக்காது, அப்போது அது ரகசியம். மற்றது டான் சார்ல்வுட்டின் 'நோ மூன் டுநைட்'. குண்டுவீச்சு விமானத்தில் வழிகாட்டியாக இருந்த ஆஸ்திரேலியர். ஓட்டுபவரின் புத்தகங்கள் நூறு உண்டு, பின்னால் திரைக்குள் உட்கார்ந்து பென்சிலும் அளவுகோலுமாகக் கணக்குப் போட்டவரின் புத்தகம் அபூர்வம். பிரிட்டனின் அந்தக் குண்டுவீச்சு விமானப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் செத்தார்கள். நாம் படிப்பது எல்லாமே பிழைத்தவர்களின் கணக்கு என்பது அந்த எண்ணைப் பார்த்தால் உறைக்கும்.

(மனோரா பற்றி ஒரு இடைச்செருகல். இரண்டாம் சரபோஜி நெப்போலியனின் வீழ்ச்சிக்காகக் கட்டியது. வாட்டர்லூ வெற்றிக்கு என்று பலரும் சொல்வார்கள், கல்வெட்டில் உள்ள ஆண்டு 1814, வாட்டர்லூ நடந்தது 1815 ஜூனில். அந்தப் போர்களில் ஆர்வம் வந்தால் 'ரைஃபிள்மேன் ஹாரிஸ்' நினைவுகள் படியுங்கள். செருப்புத் தைக்கிற சிப்பாய், அதிகாரி ஒருவரிடம் சொல்லி எழுத வைத்தது. பனியில் பின்வாங்கும்போது யாருடைய பூட்ஸ் எப்போது கிழிந்தது என்பது அவர் கண்ணுக்குத்தான் தெரியும்.)

ஏமாறும் இடங்கள் சில. அட்டையில் விமானியின் பெயர் பெரிதாக, கீழே இன்னொரு பெயர் சின்னதாக இருந்தால், எழுதியவர் அந்தச் சின்னப் பெயர். ஜப்பானிய விமானி சாபுரோ சகாயின் 'சாமுராய்' அப்படித்தான். 1942 ஆகஸ்ட் 7 அன்று தலையில் குண்டு பட்டு, ஒரு கண் தெரியாமல், நாலே முக்கால் மணி நேரம் ஓட்டித் தன் தளமான ரபவுல் திரும்பியது உண்மை. ஆனால் வீழ்த்தியதாகச் சொல்லும் 64 என்பது ஆயிரம் யானைக் கணக்கு. ரஷ்யாவை எதிர்த்த கிழக்குப் போர்முனை பற்றி, ஜெர்மன் படையில் இருந்த கை சாஜரின் 'தி ஃபர்காட்டன் சோல்ஜர்' இன்னொரு மாதிரி. தன் படைப்பிரிவின் பெயர்ப்பட்டையை இடது கையில் தைத்ததாக எழுதுகிறார், அந்தப் பிரிவில் அது வலது கைக்கு உரியது. அதை வைத்தே நினைவா, நாவலா என்று பல வருடம் சண்டை நடந்தது. ஜெர்மன் விமானி ஹான்ஸ் ரூடெல் மாதிரி கடைசி வரை நாஜியாகவே இருந்தவர்களின் புத்தகங்களைப் பறக்கும் விவரத்துக்காகப் படிக்கலாம், ஆனால் அவர் பேசாமல் விடுவது என்ன என்பதையும் சேர்த்துத்தான். வெளியான ஆண்டையும் பாருங்கள். எதிரியின் சங்கேதச் செய்திகளைப் பிரிட்டன் உடைத்துப் படித்தது 1974 வரை பொதுவில் பேசப்படாத ரகசியம். அதற்கு முன்பு வந்த எந்தப் புத்தகத்திலும், ஸ்லிமையும் சேர்த்து, 'எதிரி வருவது தெரிந்தது' என்றால் எப்படித் தெரிந்தது என்ற பாதி விடுபட்டிருக்கும்.

வாங்குவது பற்றி. தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் இவற்றில் பெரும்பாலானவை அலமாரியில் இருக்காது, பதிப்பகத்தின் பெயரோடு சொன்னால் சில கடைக்காரர்கள் தருவித்துக் கொடுப்பார்கள். தால்விக்கு டேராடூன் நடராஜ், ஜேக்கப்புக்கு மனோகர் என்று பதிப்பகத்தைக் குறித்துக்கொண்டு கேளுங்கள். இணையத்தில் வாங்கும்போது பழைய நூல்களை ஸ்கேன் செய்து கேட்டவுடன் அச்சிட்டுத் தருகிற பிரதிகளைத் தவிருங்கள். மடித்து வைத்த வரைபடங்களைப் பாதியோடு வெட்டியிருப்பார்கள், படங்கள் கறுப்புத் திட்டாக இருக்கும். போர்ப் புத்தகத்தில் வரைபடம் போனால் பாதி போயிற்று. மின்நூலிலும் வரைபடம் சரியாகத் தெரியாது, அதை மட்டும் தனியே பெரிதாக்கி ஒரு தாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் தேடுவதானால், டியூவி எண்படி அடுக்கும் இடங்களில் 940.54 இரண்டாம் உலகப்போர், 954.04 சுதந்திர இந்தியா, 355 ராணுவம். மூன்றிலும் தேட வேண்டும், ஒரே மாதிரிப் புத்தகத்தை மூன்று இடத்திலும் வைத்திருப்பார்கள். சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் கன்னிமாரா. இந்தியாவில் அச்சான நூல்களின் பிரதி சட்டப்படி போய்ச் சேர வேண்டிய நூலகம் அது, அச்சில் இல்லாத பழைய இந்தியப் பதிப்புகளுக்கு அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

படிக்கத் தொடங்குமுன் ஒரு சின்னத் தாளில் இதை எழுதிச் செருகுங்கள்: செக்‌ஷன் 10 பேர், பிளட்டூன் 30-35, கம்பெனி நூற்றுச் சொச்சம், பட்டாலியன் 800 அளவில், மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட், மூன்று பிரிகேட் ஒரு டிவிஷன். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் வரும்போது அகராதியைத் தேடி ஓடாதீர்கள், பெரும்பாலும் பின்பக்கத்தில் பட்டியல் இருக்கும். அங்கே ஒரு காகிதத்தை அடையாளம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

உங்கள் மாமனார் விஷயம். புத்தகத்தைக் கையில் கொடுத்து 'இப்படித்தான் இருந்ததா மாமா' என்று கேட்டால் 'ஆமாம்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். சண்டையைப் பற்றியும் முதலில் கேட்காதீர்கள். ஸ்லெட்ஜ் எழுதியிருப்பதைப் போன்ற கேள்விகள்தான் வாயைத் திறக்கும்: தண்ணீர் எதில் வந்தது, எத்தனை நாளைக்கு ஒரு முறை சோறு, பூட்ஸ் நனைந்தால் எங்கே காய வைப்பீர்கள், கடிதம் வர எத்தனை நாள், பக்கத்தில் படுத்தவர் எந்த ஊர்க்காரர். பதில் வரும்போது எழுதாதீர்கள், அவர் எழுந்து போன பிறகு எழுதுங்கள். டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும், அதில் பட்டாலியன் பெயர், தேதிகள் இருக்கும். எந்தப் பட்டாலியன், டிசம்பர் முதல் வாரம் எந்த இடம் என்ற இரண்டும் தெரிந்தால் அவர் நின்ற மூலைக்கு நேரான புத்தகத்தைக் குறிவைத்துத் தேடலாம். அந்தத் தாள்கள் ஐம்பது வருடத்தில் மடிப்பிலேயே கிழியத் தொடங்கியிருக்கும், அவரிடம் சொல்லிவிட்டு முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.